வாகனப் பழுதுநீக்கும் தொழிலுக்கு எந்தப் பயிற்சி? ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், உச்சிப்புளிக்கு அருகே உள்ள எங்கள் பட்டறைக்கு ஆயில் மாற்ற வருபவர்களில் பலர், மகனையோ அக்காள் மகனையோ உடன் அழைத்து வந்து, இவனை மெக்கானிக் வேலைக்கு விடலாமா, எங்கே சேர்க்கலாம் என்று கேட்கிறார்கள். மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி, சாயல்குடி எனப் பல ஊர்களிலிருந்தும் வந்த அந்தக் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்த பையனுக்கு என்னென்ன வழிகள் உள்ளன?

முதன்மையாக மூன்று வழிகள். அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐடிஐயில், ஓராண்டோ ஈராண்டோ படிப்பது ஒன்று; பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படிப்பது மற்றொன்று; பட்டறையில் கையாளாகச் சேர்ந்து வேலையோடு வேலையாகக் கற்பது மூன்றாவது. இவற்றில் எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், பையன் எந்த இயந்திரத்தின் அருகில் நிற்கப் போகிறான் என்பதை முடிவு செய்தாக வேண்டும். இருசக்கர வாகனமா, காரா, லாரியும் பேருந்துமா, விசைப்படகா என்பது தெளிவாகிவிட்டால் பயிற்சி தானாகவே ஓரளவு தேர்ந்துவிடும். அது தெளிவாகாதவர்களுக்கு நான் சொல்வது, ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் என்னும் ஈராண்டுப் பிரிவு. காரணங்களைக் கீழே உள்ள பதில்களில் காணலாம்.

மோட்டார் வாகன மெக்கானிக், டீசல் மெக்கானிக் ஆகிய இரண்டு பிரிவுகளுக்கும் என்ன வேறுபாடு?

டீசல் மெக்கானிக் ஓராண்டுப் பிரிவு. இன்ஜின், எரிபொருள் பம்ப், நாசில், குளிர்விக்கும் அமைப்பு, உயவு அமைப்பு ஆகியவற்றைச் சுற்றியே பாடம் அமைந்திருக்கும். மோட்டார் வாகன மெக்கானிக் ஈராண்டுப் பிரிவு. அதில் இன்ஜினுடன் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், வயரிங் என முழு வாகனமும் அடங்கும். இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கும் டிராக்டருக்கும் தனித்தனியே ஓராண்டுப் பிரிவுகள் உள்ளன என்றாலும், அவை எல்லா நிலையங்களிலும் நடத்தப்படுவதில்லை. நமக்கு அருகில் உள்ளவை ராமநாதபுரம், பரமக்குடி அரசு நிலையங்கள். எந்த ஆண்டில் எந்தப் பிரிவில் எத்தனை இடங்கள் என்பதை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே விருப்பப் பட்டியலை நிரப்ப வேண்டும்; நண்பன் நிரப்பியதைப் பார்த்து எழுதிய பையன்கள் வெல்டர் பிரிவில் போய் உட்கார்ந்த கதைகள் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் படகு இருக்கிறது. படகு இன்ஜின் வேலையையும் வாகன வேலையையும் சேர்த்துக் கற்க முடியுமா?

முடியும், இந்தக் கடற்கரையில் அதுதான் புத்திசாலித்தனமான தேர்வு என்பது என் கருத்து. ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் ஓடும் விசைப்படகுகள் பலவற்றில் இருப்பது லாரி இன்ஜினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியமைத்ததுதான். பிஸ்டன், லைனர், வால்வு, பம்ப் எல்லாம் ஒன்றே. வேறுபடுவது குளிர்விக்கும் முறையும் சுமையும். லாரியில் ரேடியேட்டரைக் காற்று குளிர்விக்கிறது. படகில் காற்றுக்குப் பதிலாகக் கடல்நீர் வந்து, வெப்பப் பரிமாற்றி வழியே இன்ஜினின் நன்னீரைக் குளிர்விக்கிறது. அதனால் கடல்நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காப்பாற்றும் துத்தநாகக் கட்டி போன்ற, லாரி மெக்கானிக் பார்த்தே இராத பாகங்கள் அங்கே உண்டு. லாரி இறக்கத்தில் இளைப்பாறும். வலையை இழுத்துக்கொண்டு போகும் படகின் இன்ஜினுக்கு இரவு முழுவதும் இளைப்பாறுதல் கிடையாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட டீசல் மெக்கானிக்குக் கரையிலும் வேலை உண்டு, சாலையிலும் வேலை உண்டு.

இதற்கு இயற்கையாகவே ஒரு வாய்ப்பும் அமைந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகளைக் கரையேற்றி இன்ஜினை இறக்கிப் பிரித்து வேலை பார்ப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து ஐடிஐ வகுப்பு தொடங்குவதற்கு இடைப்பட்ட காலமும் ஏறத்தாழ அதுவே. அந்த இரண்டு மாதம் ஒரு நல்ல மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பார்க்கட்டும். கையில் ஒட்டிய டீசல் நாற்றத்தோடு சாப்பிட உட்காரும்போது பையன் முகம் சுளிக்கிறானா, இன்ஜினைப் பற்றிப் பேசுகிறானா என்பதை வைத்தே பெற்றோர் பாதி முடிவை எடுத்துவிடலாம்.

முழுக்க முழுக்கக் கப்பல், படகு இன்ஜின்களையே தொழிலாகக் கொள்ள விரும்புபவர், சிஃப்நெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய மீன்வளக் கடல்சார், பொறியியல் பயிற்சி நிறுவனத்தைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். 1963இல் கொச்சியில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் பிரிவுகள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மரைன் ஃபிட்டர் என்னும் ஈராண்டுப் பயிற்சி அங்கே தரப்படுகிறது. நம் கடற்கரைப் பிள்ளைகளில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு என்பது எனக்கு வருத்தம்.

பட்டறையிலேயே கற்றுக்கொண்டால் போதாதா? அந்தக் காலத்து மேஸ்திரிகள் எங்கே படித்தார்கள்?

அவர்கள் காலத்து வண்டி காதுக்கு எட்டியது. கார்புரேட்டரை ஒரு திருகு திருகி, சத்தத்தைக் கேட்டே சரிசெய்தார்கள். அந்தக் காது இன்றும் மதிப்புக்குரியது. ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிறகு, சாதாரண ஸ்கூட்டரில்கூட எரிபொருளை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைச் சென்சார்கள் தரும் தகவலை வைத்து ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. டீசல் வண்டிகளின் காமன் ரயில் அமைப்பில் எரிபொருள் 1600 பார், அதற்கும் மேலான அழுத்தத்தில் நிற்கும். இன்ஜின் ஓடும்போது பழைய பழக்கத்தில் நாசில் குழாயைத் தளர்த்திப் பார்ப்பவரின் கையைத் துளைத்து டீசல் உள்ளே போய்விடும். புகைக்குழாயில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும், பெரிய வண்டிகளில் யூரியாக் கரைசலைத் தெளிக்கும் அமைப்பும் வந்துவிட்டன. இவற்றின் அடிப்படையைப் பட்டறையில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள், வேலை நெருக்கடியில் அவர்களுக்கு நேரமும் இராது.

மறுபுறம், ஐடிஐயில் மட்டும் படித்துவிட்டு வருபவரிடம் துருப்பிடித்த போல்ட்டைத் தலை உடையாமல் கழற்றச் சொன்னால் திகைப்பார். ஆகவே பகலில் ஐடிஐ, விடுமுறை நாட்களில் பட்டறை என்று இரண்டையும் சேர்த்து நடத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: 14 வயது நிறையாத பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். பள்ளியிலிருந்து நிறுத்திக் கொண்டுவந்து விடும் பெற்றோரை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

நான் எட்டு ஆண்டுகளாகப் பட்டறையில் வேலை பார்க்கிறேன், சான்றிதழ் எதுவும் இல்லை. இனிமேல் பெற முடியுமா?

முடியும். இரண்டு வழிகள் உள்ளன. அகில இந்திய தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது முதல் வழி. தொடர்புடைய தொழிலில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் இருப்பதற்கான சான்று வேண்டும், அறிவிப்பு வெளியாகும்போது விண்ணப்பிக்க வேண்டும். இதில் தேர்ச்சி பெற்றால் கிடைப்பது ஐடிஐயில் படித்தவர் பெறும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ். செய்முறையில் உங்களுக்குத் தடை இராது. எழுத்துத் தேர்வுக்கு மட்டும் ஐடிஐ பாடநூலை மூன்று மாதம் புரட்டியாக வேண்டும். இரண்டாவது, ஏற்கெனவே பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஆர்பிஎல் முறை. இது சில நாட்களில் முடிந்துவிடும், மதிப்பும் அதற்கேற்ற அளவுதான். வயது இருக்கும்போது முதல் வழியையே முயலுங்கள்.

தனியார் பயிற்சி நிறுவனத்தை நம்பிச் சேரலாமா?

அங்கீகாரம் பெற்ற தனியார் ஐடிஐகளில் நன்றாக நடப்பவை உண்டு. ஆனால் பெயர்ப் பலகையில் ‘டெக்னிக்கல்’ என்ற சொல் இருப்பதாலேயே ஒரு நிறுவனம் ஐடிஐ ஆகிவிடாது. பத்தொன்பது வயதில் நான் ஓர் ஊரில், ஆறு மாதப் படிப்பு, வெளிநாட்டில் வேலை நிச்சயம் என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தேன். அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. ஒரே ஒரு பழைய கார் இன்ஜினை வெட்டிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதைத் தொடக்கூட விடவில்லை. முடிவில் தந்த பளபளப்பான சான்றிதழை எந்த நிறுவனமும் ஏற்கவில்லை. பிறகு இருபத்திரண்டு வயதில், என்னைவிட ஆறேழு வயது இளைய பையன்களோடு அரசு ஐடிஐயில் உட்கார்ந்து படித்தேன்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற ஐடிஐக்கு அரசு தரும் எம்ஐஎஸ் குறியீட்டு எண் நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று கேட்டு, அந்த எண்ணையும் நீங்கள் சேரவிருக்கும் பிரிவையும் அரசு இணையதளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பிரிவுக்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு மற்றொரு பிரிவுக்கு ஆள் சேர்ப்பவர்களும் உண்டு. பணிமனையை வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். ஓடும் நிலையில் எத்தனை இன்ஜின்கள், வண்டியின் கணினியில் பதிவான குறையைக் காட்டும் ஸ்கேனர் இருக்கிறதா, மாணவர் கைகளில் கிரீஸ் இருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சென்ற ஆண்டு முடித்த இருவரிடம் பேசுங்கள்.

ஐடிஐயை விட டிப்ளமோ மேலானது இல்லையா?

நிறுவனப் படிக்கட்டில் மேலே இருந்து தொடங்க வைக்கும் என்பது உண்மை. சர்வீஸ் அட்வைசர், மேற்பார்வையாளர், பின்னாளில் ஒர்க்‌ஷாப் மேலாளர் என்ற வரிசைக்கு டிப்ளமோ பொருந்தும். ஸ்பேனர் பிடித்தே வாழ விரும்புபவருக்கு அது சுற்று வழி. கீழக்கரை முதலிய இடங்களில் பாலிடெக்னிக் இருந்தாலும், ஆட்டோமொபைல் பிரிவு எல்லாக் கல்லூரிகளிலும் இராது. மெக்கானிக்கல் படித்துவிட்டு இத்துறைக்கு வருபவரே அதிகம். முடிவெடுக்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐடிஐ முடித்து மொழிப்பாடத் தேர்வுகளையும் எழுதியவர், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறவும் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது. ஈராண்டுப் பிரிவை நான் முன்னிறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

ஐடிஐ முடித்தவுடன் வேலைக்குப் போகலாமா, அப்ரண்டிஸ் செய்ய வேண்டுமா?

அப்ரண்டிஸ், அதாவது நிறுவனத்தில் உதவித்தொகையோடு வேலை பழகும் பயிற்சி, செய்யுங்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சி முடித்துத் தேர்ச்சி பெற்றவருக்குத் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கிறது. ரயில்வே, அரசுப் போக்குவரத்து, பெரிய தொழிற்சாலைகள் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கையில் அதன் எடை தெரியும். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தன. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஓராண்டு இருந்தவர், நாள்தோறும் ராமேசுவரத்துக்கும் மதுரைக்கும் ஓடித் திரும்பும் பேருந்துகளின் பிரேக்கையும் கிளட்சையும் எத்தனை முறை பிரித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை சிறு பட்டறையில் ஐந்தாண்டு இருந்தாலும் கைகூடாது. சென்னைப் பக்கம் ஒரகடம், திருப்பெரும்புதூர், கர்நாடக எல்லைப் பக்கம் ஓசூர் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளும் அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. அங்கே கற்பது பெரும்பாலும் உற்பத்தி வரிசையில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதை; பழுதுநீக்கம் கற்க விரும்புபவர் சர்வீஸ் பிரிவைத் தேடிப் போக வேண்டும்.

உப்புக் காற்று வண்டிகளைக் கெடுக்கிறது என்கிறார்கள். அதற்குத் தனிப் பயிற்சி உண்டா?

பாடத்திட்டத்தில் தனியாக இல்லை. இங்கே வேலை பார்ப்பதுதான் பயிற்சி. கோயம்புத்தூரில் பத்து ஆண்டு உழைக்கும் சைலன்சர் பாம்பனில் பாதிக் காலம் தாங்கினால் பெரிது. அதைவிடத் தொல்லை தருவது வயரிங். கனெக்டருக்குள் ஈரமும் உப்பும் புகுந்து செம்பு களிம்பேறிப் பச்சை பூத்துவிடும். சென்சாரில் குறை என்று ஸ்கேனர் காட்டும். புதிய சென்சார் வாங்கி மாட்டிய பின்னும் விளக்கு அணையாது. குறை சென்சாரில் இல்லை, அதன் கம்பி முனையில். அதனால் என்னிடம் சேரும் பையன்களுக்கு முதல் மாதம் நான் கற்றுத் தருவது மல்டிமீட்டர். ஸ்டார்ட்டரை இயக்கும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துரு என்று பொருள். இந்த ஒரு சோதனை தெரியாமல் நல்ல பேட்டரிகளை மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

மீன் ஏற்றும் குட்டியானைகளின் நிலை இன்னும் மோசம். ஐஸ் உருகிய உப்புநீர் தளத்திலிருந்து சேஸிஸ் மீது நாள் முழுவதும் சொட்டிக்கொண்டிருக்கும். பின்பக்க ஸ்பிரிங் ஷேக்கிளும் பிரேக் குழாயும் முதலில் போகும். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படுவதற்கு முன்பு தனுஷ்கோடி மணலிலும் கடல்நீரிலும் ஓடிய வேன்களை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு, உலோகம் என்பது எவ்வளவு மெலிதாகும் என்பது தெரியும். இந்தப் பட்டறிவு உள்ளவரைச் சென்னை கடற்கரைச் சாலைப் பட்டறைகளிலும் மதிப்பார்கள்.

மின்வாகனங்கள் வந்துவிட்டன, இன்ஜின் கற்பதே வீணா?

வீணில்லை. சாலையில் ஓடும் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு இன்னும் பல ஆண்டுகள் பழுது பார்த்தாக வேண்டும். படகுகளில் டீசல் அவ்வளவு விரைவில் இடம் காலி செய்யாது. மின்வாகனத்திலும் பிரேக், சஸ்பென்ஷன், டயர், பேரிங் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் மின்சாரத்தைக் கண்டு விலகும் மெக்கானிக்குக் காலம் குறுகி வருகிறது. மின்வாகன மெக்கானிக் என்ற தனி ஈராண்டுப் பிரிவும் ஐடிஐ பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

எச்சரிக்கை ஒன்று. நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைக் கடந்தாலே ஆபத்தான மின்னழுத்தமாகக் கொள்வது வழக்கம். மின்கார்களில் அது பல நூறு வோல்ட். உரிய கையுறை இல்லாமல், மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றாமல், மின்தேக்கிகள் வடியக் காத்திராமல், ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடுவதற்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. காணொளி பார்த்துக் கற்கக்கூடாத வேலை இது ஒன்றுதான் என்பேன்.

பெண்பிள்ளைகள் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். அரசு ஐடிஐகளில் ஆண்களுக்கு 40 வயது வரம்பு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. ஸ்கேனர் கொண்டு குறை கண்டறிவது, வயரிங், மின்வாகனம், சர்வீஸ் அட்வைசர் பணி எதிலும் உடல் பலம் ஒரு பிரச்சினை இல்லை. கியர்பாக்ஸைத் தூக்க ஆண்களும் ஜாக்கியைத்தான் பயன்படுத்துகிறார்கள். சேர்வதற்கு முன் பணிமனையில் உடை மாற்றும் அறையும் கழிவறையும் இருக்கின்றனவா என்று மட்டும் நேரில் பார்த்துவிடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, பாடநூல், மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின்கீழ் மாதம் 1000 ரூபாய் பெறும் தகுதி தமக்கு உள்ளதா என்று நிலையத்திலேயே கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

படித்துவிட்டு வளைகுடா நாடுகளுக்குப் போகலாமா?

கீழக்கரையிலும் தொண்டியிலும் இந்தக் கேள்வி கேட்காத வீடு இல்லை. தேசியத் தொழிற்சான்றிதழும் மூன்றாண்டு அனுபவமும் வாகன ஏசி வேலையில் தேர்ச்சியும் இருந்தால் போகலாம். அந்த வெயிலில் ஏசி தெரிந்த மெக்கானிக்குத் தனி மதிப்பு. பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டினால் குடியேற்றச் சோதனை தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கும் என்பதால், அதை முடிக்காமல் நிறுத்திவிடாதீர்கள். உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. அதற்கு மேல் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. முதலில் அங்கே பதிந்து வையுங்கள்.

சொந்தப் பட்டறை எப்போது வைக்கலாம்?

மற்றவர் பட்டறையில் வந்த வண்டியைத் தனியாகப் பார்த்து, குறையைக் கண்டுபிடித்து, மதிப்பீடு சொல்லி, அந்த மதிப்பீட்டுக்குள் முடித்து, அதே வண்டி அதே குறைக்குத் திரும்பி வராமல் ஓராண்டு கழித்த பிறகு. பெரும்பாலானவர்களுக்கு இது ஐந்தாம், ஆறாம் ஆண்டில் கைகூடும். மாவட்டத் தொழில் மையம் வழியாக, படித்த வேலையில்லா இளைஞர்களுக்கான மாநிலத் திட்டத்திலும், மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்திலும் மானியத்துடன் வங்கிக் கடன் பெறலாம். கிராமப்புறத்தில் பின்னதன் மானியம் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியல் இனத்தவர் முதலிய சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம். கடன் தொகையில் கட்டடத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் செலவழித்துவிட்டு, ஸ்கேனரையும் நல்ல டார்க் ரெஞ்சையும் தள்ளிப்போடுபவர்களைப் பார்க்கிறேன். கூரை கீற்றாக இருந்தாலும் வாடிக்கையாளர் வருவார். தரை மட்டும் சிமென்டாக இருக்கட்டும். கடல் மணலில் விழுந்த பேரிங் பந்தைத் தேடி ஒரு மாலை முழுவதையும் நான் தொலைத்திருக்கிறேன்.